குதிரைக்குக் கால் உடைந்தால் யார் கையெழுத்துப் போடுவது?

பி.ஓ.எம். என்று நாம் சுருக்கிச் சொல்லும் பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட் பேப்பரை எங்கள் செட்டில் பெரும்பாலானவர்கள் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரிதான் திறந்தோம். "கதை அடிச்சா பாஸ்டா" என்று சீனியர் அண்ணன்கள் சொல்லிக்கொடுத்த பேப்பர் அது. நானும் அடித்தேன். இன்டர்னல் டெஸ்டில் ஃபயோலையும் வெபரையும் ஒப்பிடச் சொல்லி 13 மார்க் கேள்வி. ஸ்கேல் வைத்து அழகாகக் கோடு போட்டு, இருவரும் வேலைப் பிரிவினை சொன்னார்கள், இருவரும் படிநிலை சொன்னார்கள், இருவரும் ஒழுங்கு சொன்னார்கள் என்று டேபிளை நிரப்பினேன். ஆறு மார்க் வந்தது. ஓரத்தில் மேடம் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "ரெண்டு பேரும் ஒன்றையே சொன்னால் எதற்கு ரெண்டு பேர்?"

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. அடுத்த செமஸ்டரில் இந்தப் பேப்பர் எழுதப்போகிற உங்களுக்கு, எனக்குக் கிடைத்த பதிலைச் சொல்கிறேன். டேபிள் போட மாட்டேன்.

முதலில் ஒரு குதிரை. வருஷம் 1861. பிரான்ஸ் நாட்டில் கொமான்த்ரி என்ற ஊரில் ஒரு நிலக்கரிச் சுரங்கம். முந்தின வருஷம்தான் மைனிங் காலேஜ் முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு இன்ஜினியர். ஏறக்குறைய நம் வயசுதான். ஒருநாள் காலையில் சுரங்கத்தில் வேலை செய்த குதிரைக்குக் கால் உடைந்துவிட்டது. அவர் வேறு குதிரை வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி லாயத்துக்கு அனுப்பினார். லாயக்காரர் கொடுக்கவில்லை. சீட்டில் மேனேஜர் கையெழுத்து இல்லை. மேனேஜர் ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாக யார் என்று யாரையும் சொல்லிவிட்டுப் போகவும் இல்லை. எவ்வளவு கெஞ்சியும் எனக்கு உத்தரவு அப்படி என்று அவர் அசையவில்லை. லாயத்தில் குதிரை நிற்கிறது, சுரங்கத்துக்குள் வேலை நிற்கிறது.

அந்த இளைஞர்தான் ஹென்றி ஃபயோல். நடந்ததைக் குறித்து வைத்தார். மேலதிகாரி இல்லாத நேரத்திலும் அதிகாரத்துக்கு ஒரு ஆள் இருந்தாக வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட பாடம். லாயக்காரரை அவர் குறை சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அமைப்பில் ஓட்டை இருக்கிறது, அதை அடைக்க வேண்டும் என்றுதான் பார்த்தார்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. போன வருஷம் வெளியூர் ஹேக்கத்தானுக்குப் போக நாங்கள் நான்கு பேர் ஓ.டி. ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு டிபார்ட்மென்ட் வராண்டாவில் நின்றோம். ஹெச்.ஓ.டி. கான்ஃபரன்ஸுக்குப் போயிருந்தார். பக்கத்து ரூமில் இருந்த சீனியர் புரொஃபஸர், "நான் போட்டா ஆபீஸ்ல ஏத்துக்க மாட்டாங்கப்பா" என்றார். ஆபீசில் கேட்டால், "அவர் போட்டா போதும்தான், ஆனா ஹெச்.ஓ.டி. லெட்டர் குடுத்திருக்கணும்ல" என்றார்கள். ராத்திரி ரயில் போய்விட்டது. 1861-ல் குதிரை, இப்போது ஓ.டி., அவ்வளவுதான் வித்தியாசம்.

ஃபயோல் கதைக்கு வருவோம். பிறந்தது 1841, இஸ்தான்புல்லில். அப்பாவும் இன்ஜினியர். 1866-ல் கொமான்த்ரி சுரங்கத்தின் மேனேஜர் ஆனார். 1888-ல் கம்பெனி மூழ்கும் நிலையில் இருந்தது, சில வருஷங்களாகப் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டே இல்லை. அப்போது அதன் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1918 வரை முப்பது வருஷம் நடத்தி, நல்ல நிலையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். 1916-ல் ஒரு சுரங்கத் தொழில் சங்கத்தின் இதழில் அவருடைய புத்தகம் வெளிவந்தது. நாம் மனப்பாடம் செய்யும் 14 பிரின்சிபிள்ஸ், திட்டமிடல் முதல் கட்டுப்பாடு வரையிலான ஐந்து ஃபங்ஷன்ஸ், எல்லாம் அதிலிருந்து வந்தவை.

ஆனால் அந்தப் புத்தகத்தில் நமக்கு, அதாவது இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்ஸுக்கு, இன்னும் ருசியான ஒரு பகுதி உண்டு. பிரான்சின் இன்ஜினியரிங் காலேஜ்களை அவர் நன்றாகத் திட்டியிருக்கிறார். இவ்வளவு உயர் கணிதம் எதற்கு, தொழில் நடத்துகிறவனுக்குச் சாதாரண விகிதக் கணக்கே போதுமே, ஆள்களை வைத்து வேலை வாங்குவதைப் பற்றி ஒரு மணி நேரம்கூடச் சொல்லித்தராமல் வெளியே அனுப்புகிறீர்களே என்று. இதற்கு ஒரு அட்டவணையும் போட்டார். பெரிய நிறுவனத்தில் ஒரு தொழிலாளிக்குத் தேவையான திறமையில் தொழில்நுட்பம் 85 பங்கு, நிர்வாகம் 5 பங்கு. மேனேஜருக்கு வரும்போது தொழில்நுட்பம் 15, நிர்வாகம் 40. இது அளந்து எடுத்த கணக்கு இல்லை, அவருடைய அனுபவ மதிப்பீடு. இருந்தாலும் மேலே ஏற ஏற வேலையின் தன்மையே மாறுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நிர்வாகம் பிறவிக் குணம் இல்லை, பாடமாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்று அவர் வாதாடினார். எம்3-யில் அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் ஃபயோலுக்குச் சிலை வைக்கலாம். கூடவே, பி.ஓ.எம். என்று ஒரு பேப்பர் நம் தலையில் வந்து விழுந்ததற்கும் அவரைப் போன்றவர்கள்தான் காரணம் என்பதை மறக்க வேண்டாம்.

14-ல் ஒன்றிரண்டை மட்டும் பார்ப்போம், மீதியை நீங்களே படித்துக்கொள்ளலாம். யூனிட்டி ஆஃப் கமாண்ட்: ஒரு ஆளுக்கு ஒரு மேலதிகாரிதான். அமெரிக்காவில் டெய்லர் ஒரு தொழிலாளிக்கு மேல் எட்டு ஃபோர்மேன்களை, ஆளுக்கொரு துறையாகப் பிரித்து வைக்கச் சொன்னார். ஃபயோலுக்கு இது பிடிக்கவே இல்லை. சிம்போசியத்தில் இரண்டு ஸ்டாஃப் கோஆர்டினேட்டர்களுக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. ஒருவர் மேடையை இடது பக்கம் போடு என்பார், மற்றவர் வலது பக்கம் என்பார், கடைசியில் திட்டு வாங்குவது நாம்.

அடுத்து ஸ்கேலார் செயின். இங்கேதான் நான் கோட்டை விட்டேன். மேலிருந்து கீழே வரை ஒரே சங்கிலி, உத்தரவும் தகவலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும் என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன். ஃபயோல் அதோடு நிறுத்தவில்லை. ஒரு படம் போட்டார். உச்சியில் ஏ. அவருக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு வரிசை. ஒரு வரிசையில் பி, சி, டி, இ, எஃப், ஜி. இன்னொன்றில் எல், எம், என், ஓ, பீ, க்யூ. எஃப் என்பவருக்கு எதிர் வரிசையில் அதே மட்டத்தில் இருக்கும் பீ-யிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். சங்கிலிப்படி போனால் ஐந்து படி ஏறி ஏ-யிடம் போய், ஐந்து படி இறங்க வேண்டும். பதில் வர மறுபடியும் பத்து. ஆக மொத்தம் 20 படி. ஏன் இந்தப் பாடு, இரண்டு பேருக்கும் நடுவே ஒரு பலகையைப் போட்டு நேராகப் பேசட்டுமே என்றார். படகிலிருந்து கரைக்கு இறங்கப் போடுவார்களே, அந்த மாதிரிப் பலகை. தேவையில்லாமல் சங்கிலியை விட்டு விலகுவது தப்பு, வேலை கெட்டாலும் பரவாயில்லை என்று சங்கிலியையே பிடித்துக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய தப்பு என்பது அவர் கருத்து.

பலகைக்கு ஒரு நிபந்தனை வைத்தார். இரண்டு பேருடைய மேலதிகாரிகளும் அதற்குச் சம்மதித்திருக்க வேண்டும், பேசி முடித்ததும் என்ன முடிவு செய்தோம் என்று இருவரும் தத்தம் மேலதிகாரிக்கு உடனே சொல்ல வேண்டும். இந்த நிபந்தனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இப்போது ஜெர்மனி. மாக்ஸ் வெபர், பிறந்தது 1864. சட்டம் படித்தவர், பொருளாதாரப் பேராசிரியர். கம்பெனி எதையும் நடத்தியவர் கிடையாது. முதல் உலகப்போரில் ஹைடல்பர்க் பகுதி ராணுவ மருத்துவமனைகளின் நிர்வாகத்தில் சுமார் ஒரு வருஷம் வேலை பார்த்ததுதான் கிட்டத்தட்ட அவருடைய நேரடி நிர்வாக அனுபவம். 1920-ல் நிமோனியாவில் இறந்துபோனார், வயது 56. பியூராக்ரசி பற்றிய பகுதி வரும் பெரிய நூலை அவருடைய மனைவி மரியான் வெபர்தான் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து தொகுத்து, 1921-22-ல் வெளிக்கொண்டுவந்தார். அதாவது போரில் எதிரெதிராக நின்ற இரண்டு நாடுகளில், கிட்டத்தட்ட ஒரே காலத்தில் எழுதப்பட்ட இரண்டு புத்தகங்களை நாம் ஒப்பிடுகிறோம். வெபரின் இந்த எழுத்து ஆங்கிலத்துக்கு வந்தது 1946, 47-ல். ஃபயோலுக்கு 1930-லேயே ஒரு மொழிபெயர்ப்பு இருந்தாலும், பரவலாகப் போனது 1949-ல் வந்த மொழிபெயர்ப்புதான். இரண்டும் அடுத்தடுத்து வந்ததால்தான் டெக்ஸ்ட்புக் எழுதியவர்கள் இருவரையும் ஒரே யூனிட்டில் "கிளாசிக்கல்" என்று தள்ளிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஃபயோல் கேட்ட கேள்வி: நாளைக்குக் காலையில் வேலை ஓட நான் என்ன செய்ய வேண்டும்? வெபரின் கேள்வியே வேறு. ஒருவர் சொன்னால் இன்னொருவர் ஏன் கேட்கிறார்?

மூன்று காரணங்கள் சொன்னார். காலங்காலமாக அப்படித்தான் என்பதால் கேட்பது, பாரம்பரிய அதிகாரம். அந்த ஆளின் தனி ஈர்ப்புக்காகக் கேட்பது, கரிஷ்மா. சட்டம் அந்த நாற்காலிக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது என்பதால் கேட்பது, சட்டபூர்வ அதிகாரம். பியூராக்ரசி இந்த மூன்றாவதின் உடம்பு. எழுதி வைத்த விதிகள், வரையறுத்த வேலை எல்லை, படிநிலை, தகுதி பார்த்து நியமனம், மாதச் சம்பளம், பென்ஷன், எல்லாவற்றுக்கும் ஃபைல். உட்கார்ந்திருக்கும் நாற்காலி அவருக்குச் சொந்தம் இல்லை. விற்க முடியாது, மகனுக்கு எழுதி வைக்க முடியாது.

இதிலென்ன பெரிய விஷயம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் புரியும். பிரிட்டிஷ் ராணுவத்தில் ஆபீசர் பதவியைக் காசு கொடுத்து வாங்கும் முறை 1871 வரை இருந்தது. நம் ஊரில் கர்ணம், மணியக்காரர் பதவிகள் குடும்ப வழியில் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தன. பரம்பரை உரிமை சட்டப்படி போன பிறகும் பழைய பதவிகள் தொடர்ந்து, 1980-ல்தான் தமிழ்நாட்டில் அவை ஒழிக்கப்பட்டன. அதன் பிறகு வந்தவர்தான் வி.ஏ.ஓ. இன்று நம் ஹாஸ்டலில் டி.என்.பி.எஸ்.சி. புக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனின் தாத்தாவுக்கு அந்த வேலையைக் கனவு காணக்கூட வழி இருந்திருக்காது. ஒரு எக்ஸாம், ஒரு ரேங்க் லிஸ்ட், ஒரு ஆர்டர். அந்த ஆர்டரில் அவன் யார் மகன் என்பதற்கு இடம் இல்லை.

இன்னும் பக்கத்தில் ஒரு உதாரணம் வேண்டுமா? நம் செமஸ்டர் பேப்பரில் டம்மி நம்பர் போடுகிறார்களே, அதுதான். திருத்துகிறவருக்கு நாம் யார் என்றே தெரியாது. நம்மைப் பிடித்தவரும் மார்க் போட முடியாது, பிடிக்காதவரும் குறைக்க முடியாது. கோபமும் சார்பும் இல்லாமல் வேலை செய்வது என்று வெபர் சொன்னதை நான் புரிந்துகொண்டது இந்த டம்மி நம்பரை வைத்துத்தான்.

இங்கே எக்ஸாமில் எல்லோரும் வழுக்கும் ஒரு இடம். வெபர் "ஐடியல் டைப்" என்று சொன்னதும், பியூராக்ரசிதான் உலகத்திலேயே சிறந்த முறை என்று அவர் பரிந்துரைத்ததாக எழுதிவிடுகிறோம். ஐடியல் என்றால் இங்கே "சிறந்தது" என்று அர்த்தம் இல்லை. ஃபிசிக்ஸில் உராய்வே இல்லாத தளம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறோமே, அந்த மாதிரி. நிஜத்தில் எங்கேயும் இருக்காது, நிஜத்தை அளக்க உதவும். ஃபயோல் கொடுத்தது அறிவுரை, வெபர் கொடுத்தது அளவுகோல். மேடம் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி, இருவரும் முட்டிக்கொள்ளும் இடங்களில். எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெபருக்கு ஃபைல் இல்லாமல் ஆபீசே இல்லை. ஃபயோல் எழுத்துப் பைத்தியத்தை வெறுத்தார். நேரில் இரண்டு நிமிஷம் பேசினால் தீரும் விஷயத்துக்கு லெட்டர் மேல் லெட்டர் போடுவது வேலையையும் கெடுக்கிறது, டிபார்ட்மென்ட்டுகளுக்கு நடுவே பகையையும் வளர்க்கிறது என்றார். அவருடைய 14-ல் கடைசியான ஒற்றுமை உணர்வு என்ற தலைப்பின் கீழேதான் இது வருகிறது, நாம் அந்தத் தலைப்போடு நிறுத்திக்கொள்கிறோம். இன்னொன்று, ஈக்விட்டி. ஃபயோலுக்கு நியாயம் மட்டும் போதாது, கூடவே கனிவும் வேண்டும். வெபரின் அதிகாரிக்குக் கனிவு காட்டவே உரிமை கிடையாது, ஏனென்றால் ஒருவருக்குக் காட்டும் கனிவு வரிசையில் நிற்கும் இன்னொருவருக்கு அநியாயம்.

இந்தக் கடைசி வரியைப் புத்தகத்தில் படித்தபோது சாதாரணமாகத்தான் இருந்தது. ஒரு கவுன்ட்டரில் நின்றபோதுதான் உறைத்தது.

ஸ்காலர்ஷிப் ஃபாரம் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள். நான் போனபோது நேரம் முடிந்து கவுன்ட்டரை மூடிக்கொண்டிருந்தார்கள். சிம்போசியம் பில் விஷயமாக அலைந்து அலைந்து உள்ளே இருந்த கிளார்க் அண்ணனுக்கு என்னை நன்றாகத் தெரியும். "என்ன தம்பி லேட்டு, சரி குடு" என்று வாங்கிக்கொண்டார். வருமானச் சான்றிதழில் ஜெராக்ஸ்தான் இருக்கிறது, ஒரிஜினல் இல்லை என்றேன். "பரவால்ல, அப்புறம் குடு" என்றார். எனக்குப் பின்னால் ஒரு செகண்ட் இயர் பெண் நின்றிருந்தாள். அவளிடம் எல்லாமே ஒரிஜினல். வீட்டில் முதல் பட்டதாரி என்ற சான்றிதழுக்காக வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று மேலே மேலே போய் வாங்கி வந்த பேப்பர்களை பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தாள். "டைம் முடிஞ்சிருச்சும்மா, நாளைக்கு வா" என்று அவளை அனுப்பிவிட்டார். அந்த அண்ணன் கெட்டவர் இல்லை. அவர் என்னிடம் கனிவாக இருந்தார், அவளிடம் விதிப்படி இருந்தார். இரண்டையும் ஒரே நிமிஷத்தில் செய்தார். நான் ஒன்றும் சொல்லாமல் தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ராத்திரி ரூமில் இதைச் சொன்னபோது நண்பன் ஒருவன், "நீ செஞ்சது ஃபயோல் சொன்ன பலகைதானே மச்சி, ஷார்ட்கட்" என்றான். கொஞ்ச நேரம் எனக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நிபந்தனையைப் பாருங்கள். பலகை போடுவது மேலே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும், முடிவை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். நான் தாண்டியது யாருக்கும் சொல்ல முடியாதது. "எனக்குத் தெரிஞ்ச பையன்னு ஜெராக்ஸ வாங்கிட்டேன் சார்" என்று அந்த அண்ணன் சூப்பரின்டென்டிடம் சொல்வாரா? பலகைக்கும் சிபாரிசுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் உருவம் ஒன்றுதான், இரண்டும் வரிசையைத் தாண்டுகின்றன. ஒன்றை மேலே சொல்லலாம், இன்னொன்றை மறைக்க வேண்டும்.

அதனால் வெபர் பக்கமே சாய்ந்துவிடலாமா என்றால், வெபரே அந்தப் பக்கம் நிம்மதியாக நிற்கவில்லை. பியூராக்ரசி மற்ற முறைகளைவிட வேகமானது, துல்லியமானது, கைத்தொழிலுக்கு முன்னால் இயந்திரம் மாதிரி என்று எழுதியவர், 1909-ல் வியன்னாவில் நடந்த ஒரு கூட்டத்தில், மனிதர்களெல்லாம் அந்த இயந்திரத்தின் சின்னச் சின்னப் பல்சக்கரமாகிப் போவதைப் பற்றிக் கவலையோடு பேசினார். விதி நம்மைக் காக்கும், அதே விதி நம்மைப் பூட்டியும் வைக்கும். 1940-ல் ராபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் இதன் இன்னொரு முகத்தைக் காட்டினார்: விதியைப் பின்பற்றிப் பின்பற்றி, அது எதற்காகப் போடப்பட்டது என்பதே மறந்துபோகிறது, விதியே குறிக்கோளாகிவிடுகிறது. கொமான்த்ரி லாயக்காரர் ஞாபகம் வருகிறாரா? ஃபயோல் பக்கத்திலும் அடி விழாமல் இல்லை. 1946-ல் ஹெர்பர்ட் சைமன், இந்த மேனேஜ்மென்ட் பிரின்சிபிள்ஸ் எல்லாம் பழமொழி மாதிரி, ஒவ்வொன்றுக்கும் எதிராக இன்னொன்று கிடைக்கும் என்று எழுதினார். "பதறாத காரியம் சிதறாது" என்றும் சொல்கிறோம், "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்றும் சொல்கிறோம் இல்லையா, அது மாதிரி.

உங்களுக்கு இந்தக் கேள்வி வந்தால், ஒற்றுமைகளை நான்கு வரியில் முடித்துவிட்டு, யார் எந்த நாற்காலியிலிருந்து பார்க்கிறார் என்பதில் தொடங்குங்கள். ஃபயோல் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து கீழே பார்க்கிறார். வெபர் கட்டடத்துக்கு வெளியே நின்று, இது எப்படி நிற்கிறது என்று பார்க்கிறார். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவரின் இடத்திலிருந்து இருவருமே எழுதவில்லை, ஆனால் வெபரைப் படிக்கும்போது அந்த இடம் நமக்குத் தெரிகிறது. பலகையை மறக்காமல் படம் போடுங்கள், அதற்குத் தனியாக மார்க் உண்டு.

அந்த செகண்ட் இயர் பெண் மறுநாள் வந்து ஃபாரம் கொடுத்துவிட்டாள். அதற்காகக் காலை முதல் பீரியடை விட்டாள், அன்று அவளுக்கு லேப் டெஸ்ட் என்று பிறகு தெரிந்தது. எங்கள் ஓ.டி. விஷயத்தில் நாங்கள் நான்கு பேரும் எழுதிக் கொடுத்தோம், ஹெச்.ஓ.டி. இல்லாத நாளில் யார் கையெழுத்துப் போடலாம் என்று அவரும் சிரித்துக்கொண்டே ஒரு சர்க்குலர் போட்டார், இப்போது நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. போன வாரம் அவர் லீவில் இருந்தபோது புராஜெக்ட் லேப் சாவி கேட்டுப் போனோம். சர்க்குலரை மேலிருந்து கீழே வரை படித்துப் பார்த்த லேப் அசிஸ்டென்ட் அண்ணன், "இதுல ஓ.டி.ன்னு மட்டும்தானே தம்பி போட்டிருக்கு" என்றார்.